58 வயதுக்குப் பிறகு: வாணியம்பாடியில் முதுமையும் பொறுப்பும்

(வாணியம்பாடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் மேசையை வாணியம்பாடியில் பார்க்காதவர்கள் குறைவு. கைதேர்ந்த ஒருவர் தோலை விரித்துப் போடுகிறார். கட்டைவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து வயிற்றுப் பக்கம் வரை ஓட்டுகிறார். தடிமன் எங்கே குறைகிறது, உண்ணி கடித்த தழும்பு எங்கே இருக்கிறது, உரிக்கும்போது கத்தி எங்கே பட்டது என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஓரத்தை மடித்து, மடிப்பில் மேல்பரப்பு எப்படிச் சுருங்குகிறது என்று வெளிச்சத்தில் பார்க்கிறார். ஷூவின் அப்பருக்கு, அதாவது மேல்பகுதிக்குப் போகுமா, உள்பக்க லைனிங்குக்குத்தான் ஆகுமா என்று சில நொடிகளில் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல்லில் ஒரு தோலின் விலை ஏறும், இறங்கும். இப்படிப்பட்ட விரல் உருவாக 20, 30 ஆண்டுகள் பிடிக்கும். அவருக்கு 58 வயது ஆகிறது. மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பி வைக்கிறார்கள். மறுநாள் காலை அதே மனிதர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். விரல்களில் எந்தக் குறையும் வரவில்லை. அவற்றைக் கேட்பாரில்லை, அவ்வளவுதான். இன்று நான் பேசப்போவது அந்த மறுநாள் காலையைப் பற்றி.

இது ஒருவர், இருவர் கதை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021-க்கு மதிப்பிடப்பட்ட அளவு 13.6. 2031-இல் அது 18.2 ஆகும் என்கிறது அரசின் கணிப்பு. கேரளத்தைப் போல, நாட்டில் வேகமாக முதிர்ந்துவரும் பெரிய மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. முதுமை என்று பேச்செடுத்தாலே நாம் சொல்லும் அறிவுரைகள் எல்லோருக்கும் மனப்பாடம்: தினமும் நடங்கள், உப்பைக் குறையுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள், கவலைப்படாதீர்கள். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் இந்த அறிவுரைகள் எல்லாம் ஒரு கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போகின்றன. காலையில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப அந்த மனிதருக்கு என்ன காரணம் இருக்கிறது? என் வாதம் இதுதான். முதுமையில் உடம்பும் மனமும் தளராமல் இருக்க முதல் தேவை, இன்னொருவர் நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு பொறுப்பு. நடையும் உணவும் மருந்தும் அதன் பின்னால்தான் வரும். அந்தப் பொறுப்பைத் தனிமனிதர் தானாகத் தேடிக்கொள்வது கடினம். அதை ஊர்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். வயதானால் பலம் போய்விடும், போனது திரும்பாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். பாதிதான் உண்மை. 50 வயதுக்குப் பிறகு தசை ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 விழுக்காடு கரைகிறது என்பது சரி. ஆனால் 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 90 ஆக இருந்த 10 பேருக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர். அவர்களுடைய கால் தசையின் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 90 வயதில்! பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு என்று தள்ளிவிட வேண்டாம். 2014-இல் வெளியான 'லைஃப்' ஆய்வில் 70 முதல் 89 வயதுக்குட்பட்ட 1,635 பேர் பங்கேற்றார்கள். ஒரு பாதியினருக்கு நடைப்பயிற்சியும் கால் வலுவுக்கான பயிற்சியும், மறு பாதியினருக்கு உடல்நல வகுப்பு மட்டும். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், பயிற்சி செய்த பிரிவில் நடமாட்டத்தை இழக்கும் ஆபத்து 18 விழுக்காடு குறைவாக இருந்தது. உங்கள் நிலையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 நொடிக்கு மேல் ஆனால் தொடை வலு குறைந்திருக்கிறது, விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று பொருள். பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். இந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும்.

இங்கே ஒரு சிக்கல். இத்தகைய பயிற்சி வகுப்புகள் ஆய்வு நடக்கும்வரை நன்றாக நடக்கும். ஆய்வாளர்கள் கிளம்பியதும் பலர் பழையபடி உட்கார்ந்துவிடுவார்கள். ஆரோக்கியம் என்ற ஒன்றுக்காக மட்டும் ஆண்டுக்கணக்கில் நடப்பவர்கள் எந்த ஊரிலும் சிலரே. ஜப்பானில் ஓசாகி பகுதியில் 43,000-க்கும் மேற்பட்டவர்களை ஏழு ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, வாழ்வதற்கு ஒரு பிடிப்பு இருக்கிறது என்று சொன்னவர்களைவிட அப்படி ஒன்று இல்லை என்றவர்கள் கூடுதலாக இறந்ததைக் காட்டியது. சிகாகோவில் நடந்த ஆய்வொன்றில், வாழ்க்கையில் நோக்கம் உண்டு என்ற உணர்வு மிகுந்தவர்களுக்கு அல்சைமர் மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். நோயாளிக்குப் பிடிப்பு குறைவது இயல்புதானே, நோக்கம் ஆரோக்கியத்தைத் தருகிறதா, ஆரோக்கியம்தான் நோக்கத்தைத் தருகிறதா? கவனித்துப் பார்ப்பதோடு நிற்கும் ஆய்வுகளால் இதற்கு முழு விடை சொல்ல முடியாது. அதனால்தான் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் செய்த சோதனையை நான் பெரிதாக மதிக்கிறேன். 60 வயதைக் கடந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு 15 மணி நேரம் சின்னக் குழந்தைகளுக்குப் படிக்கச் சொல்லித்தருவது வேலை. அவர்களில் பெரும்பாலோர் வசதி குறைந்த கறுப்பினப் பெண்கள். சில மாதங்களில் அவர்களுடைய நடமாட்டமும் உடல் வலுவும் கூடின; டி.வி. முன் உட்காரும் நேரம் குறைந்தது. உடற்பயிற்சி செய்ய வாருங்கள் என்று அவர்களை யாரும் அழைக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அதனால் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள், மாடிப்படி ஏறினார்கள்.

இனி, இந்த மண்ணிலிருந்து எழும் நியாயமான எதிர்வாதத்துக்கு வருகிறேன். மற்றவற்றைவிட இதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். "நாற்பது வருஷம் ஊறின தோலைத் தூக்கித் தூக்கி முதுகு போச்சு. சுண்ணாம்புல நின்னு கால் வெந்துபோச்சு. இன்னும் என்னய்யா சுறுசுறுப்பு?" என்று ஒரு தொழிலாளி கேட்டால், அதில் தவறு என்ன இருக்கிறது? ஈரத் தோலின் பளு, வழுக்கும் தரை, சுண்ணாம்பு, குரோம் உப்பு, இடைவிடாத ஈரம் எல்லாம் சேர்ந்து தோல் வெடிப்பையும் மூச்சுக் கோளாறையும் மூட்டு வலியையும் இந்தத் தொழிலாளர்களுக்குத் தந்திருக்கின்றன. அவர்களைப் பார்த்து நடங்கள், ஓடுங்கள் என்று உபதேசம் செய்வது இரக்கமில்லாத பேச்சு. ஆனால் அறிவியல் இங்கே நமக்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கற்றுத் தருகிறது. 1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், மாடி பஸ்ஸில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று கண்டார். வேலையில் உடம்பு அசைந்தாலே நல்லது என்று அதிலிருந்து பலர் முடிவு கட்டினார்கள். பின்னாளில் டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடல் அசைவு ஆயுளோடு சேர்ந்து போனது. பிழைப்புக்காக நாள் முழுதும் செய்யும் கடும் உடலுழைப்போ ஆபத்தோடு சேர்ந்து போனது. காரணம் கண்டுபிடிப்பது கடினமல்ல. பளு தூக்கும் தொழிலாளிக்கு வேகத்தைத் தானே தீர்மானிக்க முடியாது. களைத்தபோது உட்கார முடியாது. நாளெல்லாம் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் உயர்ந்தே இருக்கும். மறுநாளைக்குள் உடம்பு தேறுவதில்லை. ஆக, 'நான் வாழ்நாள் முழுதும் உழைத்தவன், எனக்கு எதற்கு உடற்பயிற்சி' என்பது தவறு. 'முதியவரும் உழைக்கட்டும், அதுவே ஆரோக்கியம்' என்பதும் தவறு. நான் கேட்பது பளு இல்லாத பொறுப்பு. நேரம் அவர் கையில் இருக்க வேண்டும், நடுவில் உட்கார நாற்காலி இருக்க வேண்டும், இன்று முடியாது என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும்.

அடுத்த மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து வருவது. "நீங்க சும்மா உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கிறோம்." நல்ல பிள்ளைகள் சொல்லும் வார்த்தை இது, பாசத்தில் பிறந்த வார்த்தை. அப்பா வெளியே போய் ஏதாவது செய்தால் 'பெரியவரை இந்த வயசில் வேலைக்கு அனுப்புகிறார்கள்' என்று தெரு பேசும் என்ற அச்சமும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ரேஷன் கடைக்குப் போவது நிற்கிறது. பிறகு கரண்ட் பில் கட்டுவது பேரன் செல்போனுக்குப் போய்விடுகிறது. பிறகு கல்யாணப் பேச்சில் கருத்துக் கேட்பது நின்றுபோகிறது. ஒவ்வொன்றும் அவர் சிரமப்படக் கூடாது என்ற எண்ணத்தில் எடுக்கப்பட்டதுதான். எல்லாவற்றையும் எடுத்த பிறகு மிஞ்சுவது கட்டிலும் டி.வி.யும். வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று பெரியவர்கள் சொல்வதை விரக்திப் பேச்சு என்று கடந்துவிடாதீர்கள்; வேலை எல்லாம் கைவிட்டுப் போன ஒருவரின் நிலைமையை அது உள்ளபடி சொல்கிறது. 70 வயதில் உழைப்பது கௌரவக் குறைவு என்பவர்கள் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் வேலூரைப் பார்க்கலாம். மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அது பட்டம் தரும் கல்லூரியாக உயராவிட்டால் மூட வேண்டிய நிலை வந்தபோது, 1941-இல், 70 வயதில், போர்க்காலத்தில் அவர் நிதி திரட்ட அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அந்தப் பள்ளி இன்று சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியாக இருப்பதில் அந்த முதிய வயதுப் பயணத்துக்குப் பங்குண்டு. எல்லோரும் ஐடா ஸ்கடர் ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. அவரை மதிக்கும் ஊர், தன் வீட்டுப் பெரியவருக்கு ஒரு சின்னப் பொறுப்பைக் கொடுப்பதில் என்ன கூச்சம்?

பெண்களைப் பொறுத்தவரை என் வாதம் ஏறத்தாழத் தலைகீழாக மாற வேண்டியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து வீடுகளில் ஷூ அப்பரைக் கையால் தைக்கும் பெண்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பி.எஃப். இல்லை, விடுப்பு இல்லை. தடித்த ஊசி குத்திய விரலும், குனிந்தே இருந்த கழுத்தும், மங்கிய கண்ணும்தான் மிச்சம். அதற்கு மேல் சமையல், பேரப்பிள்ளைகள், படுத்த படுக்கையாக இருக்கும் கணவர். இவர்களிடம் போய் வாழ்க்கையில் நோக்கம் வேண்டும் என்று சொன்னால் அது அர்த்தமில்லாத பேச்சு. இவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேண்டியது வாரத்தில் சில மணி நேரம் யாரும் கூப்பிடாத நேரம், ஒத்த வயதுப் பெண்களோடு உட்காரவும் நடக்கவும் ஓர் இடம், சரியான பவரில் ஒரு கண்ணாடி. பொறுப்பு நன்மை செய்வது அதை ஏற்கவும் மறுக்கவும் முடிகிறபோதுதான். ஆண்களுக்குப் பொறுப்பைக் கொடுங்கள், பெண்களிடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் இரண்டையும் செய்யலாம். தாத்தா பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப் போகட்டும். அந்த நேரத்தில் பாட்டி வெளியே போய்வரட்டும்.

நோக்கம், பொறுப்பு என்றெல்லாம் பேசி ஓய்வூதியத்தை மறக்கடிக்கிறார்கள் என்று ஒரு தொழிற்சங்கத் தோழர் சொல்லக்கூடும். அந்த எச்சரிக்கை அவசியமானது. 1995-இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். ஒப்பந்தக்காரர் மாற மாறப் பதிவும் மாறி, பணிக்காலம் துண்டு துண்டாகிப் போனவர்கள் அதை எட்டுவது கடினம். எட்டினாலும், 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்தான். ஆதரவற்றோருக்கு அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆக உயர்ந்தது. ஒரு வீட்டின் அரிசி, பருப்பு, மருந்துச் செலவை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பசியோடு இருப்பவரிடம் தொண்டு செய்யுங்கள் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே நான் சொல்லும் பொறுப்புக்கு, தேவைப்படுகிறவர்களுக்குக் கூலி உண்டு. அது ஓய்வூதியத்துக்குக் கூடுதலே தவிர மாற்று அல்ல. பிள்ளைகள் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜீவனாம்சம் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். திருப்பத்தூர் மாவட்டம் பிரிந்ததிலிருந்து அந்த அலுவலகம் வாணியம்பாடியிலேயே இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567. மனுக் கொடுக்க வக்கீல் கூடத் தேவையில்லை.

இளைஞர்களுக்கே வேலை இல்லாதபோது முதியவர்களுக்கா என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். 2023 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் சராசரியாக 1.3. வரும் ஆண்டுகளில் இளங்கைகள் குறையுமே தவிர அதிகரிக்காது. தவிர, நான் சொல்லும் வேலைகள் இளைஞரின் முழுநேர வேலைக்குப் போட்டி அல்ல. ஜப்பானில் 1975-இல் டோக்கியோவில் தொடங்கி நாடெங்கும் பரவிய 'வெள்ளி மனிதவள மையங்கள்' இதற்கு நல்ல முன்மாதிரி. 60 வயதைக் கடந்தவர்கள் பெயரைப் பதிந்துகொள்கிறார்கள். பூங்கா பராமரிப்பு, சைக்கிள் நிறுத்தத்தைக் கவனிப்பது, காகிதக் கதவுகளைப் பழுதுபார்ப்பது போன்ற வேலைகளை ஊர் மக்களும் நகராட்சியும் அந்த மையத்திடம் தருகிறார்கள். மாதத்துக்குப் பத்து நாள் அளவு வேலை, அதற்கேற்ற சிறு ஊதியம். வாணியம்பாடிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தரம் பிரிக்கும் கையை இளைஞர்களுக்குப் பழக்கிவிட வாரத்தில் இரண்டு காலை நேரம். குரோம் பதனீடு பரவுவதற்கு முன்பு இருந்த ஆவாரம்பட்டை, கடுக்காய்ப் பதனீட்டின் பக்குவம் சில முதியவர்களின் கைகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. உலகமோ இன்று தாவரப் பதனீட்டை மறுபடி விரும்பிக் கேட்கிறது. அரசு மருத்துவமனையில், எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டும். தமிழிலும் உருதிலும் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்ட ஆட்கள் வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு வேலையை இந்த ஊர் முதியவர்களால் மட்டுமே செய்ய முடியும். இன்று 70 வயதைக் கடந்தவர்கள் பாலாற்றங்கரைக் கிணறுகளில் குடிக்கத் தண்ணீர் எடுத்ததைப் பார்த்தவர்கள். தோல் ஆலைக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் பேச வேண்டியிருந்தது. எந்தக் கிணறு எந்த ஆண்டில் உப்பேறியது, எந்த நிலத்தில் தென்னை பட்டுப்போனது என்பது எந்த அலுவலகக் கோப்பிலும் முழுதாக இருக்காது. அது அவர்கள் நினைவில் இருக்கிறது. தெருத் தெருவாக நடந்து, கிணறு கிணறாகக் கேட்டு எழுதினால், நடைப்பயிற்சி தனியாகத் தேவைப்படாது. டேனரி உரிமையாளர்கள் இதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆறு தேறினால்தான் தொழிலும் நிலைக்கும்.

இதற்கெல்லாம் காதும் கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். 2024-இல் லான்செட் ஆணையம், மறதி நோய்க்குக் காரணமானவற்றில் 14 காரணிகள் மாற்றக்கூடியவை என்றது. உடலசைவின்மையும் தனிமையும் மட்டுமல்லாமல், கவனிக்காமல் விட்ட காது மந்தமும் கண் பார்வைக் குறைவும் அதில் உண்டு. தோல் பதனிடும் டிரம் சுழலும் சத்தத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காதுப் பரிசோதனை அவசியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

ஆகவே டேனரி உரிமையாளர்களிடமும் ஜமாஅத்துகளிடமும் கோயில் நிர்வாகங்களிடமும் நகராட்சியிடமும் நான் கேட்பது, முதியவர்களின் கைத்திறனையும் அவர்கள் தரக்கூடிய நேரத்தையும் குறிக்கும் ஒரு பதிவேடு. 1919 முதல் இந்த ஊருக்குக் கல்வி தந்துவரும் இஸ்லாமியாக் கல்லூரி இருக்கும் ஊரில் அதை எழுத மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. அதற்கு முன்பு, இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உங்களுக்கு எந்த வேலை கைவந்தது? வாரத்தில் எத்தனை மணி நேரம் தர உங்களுக்கு விருப்பம்? அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்.